மார்ச் மாதத்துத் தண்ணீர்

எங்கள் வீட்டுப் பக்கத்து ஓடையிலிருந்து எனக்குக் கிடைக்கும் கரண்ட் 450 வொட். அடைமழைக் காலத்திலும் அதற்கு மேல் ஏறாது. பார்க்க வருகிறவர்களிடம் இதைச் சொன்னதும் ஒரு சிரிப்பு வரும். "ஒரு கேத்தல்கூடக் கொதிக்காதே, மாஸ்டர்!"

கொதிக்காதுதான். மின் கேத்தலுக்கு 1500 வொட்டாவது வேண்டும், அயன் பெட்டிக்கு 1000. ஆனால் கேத்தலின் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஓடைக்கு அப்படி முடிவில்லை. 450 வொட் இராப்பகலாக ஓடினால் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 11 யூனிட், மாதத்துக்கு 300க்கு மேல். தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு குடும்பம் மாதத்துக்கு 60 யூனிட் எரித்தாலே பில்லைப் பார்த்து வீட்டில் சண்டை வரும். இந்தக் கணக்கைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் குழாய், அணை எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அது விளங்காது.

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன். அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை. ஸ்டோருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில், அதற்குள் வெள்ளைக்காரன் காலத்து டர்பைன். மலை உச்சியிலிருந்து இரும்புக் குழாயில் தண்ணீர் இறங்கி, அதைச் சுழற்றி, தேயிலை அரைக்கும் ரோலர்களையெல்லாம் ஒரு காலத்தில் அதுதான் ஓட்டியதாம். இங்கிலாந்தில் கென்டல் என்ற ஊரிலிருந்த கில்க்ஸ் கம்பனி செய்த டர்பைன்கள் இலங்கைத் தோட்டங்களுக்கு நிறையவே வந்தன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, ஸ்டோருக்கு மின்சார சபையின் கம்பியும் வந்த பிறகு எங்கள் டர்பைனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தபோது அதன் மேல் கோழி அடைகாத்துக் கொண்டிருந்தது.

எங்கள் லயத்துக்கு மேலாகப் போன உயர்அழுத்தக் கம்பிகளைத்தான் நான் அதிகம் பார்த்து வளர்ந்தேன். டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1912இலேயே நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பிளாக்பூல் என்ற இடத்தில் சின்னதொரு நீர்மின் நிலையம் கட்டிக் காட்டினார். இந்த மலைத் தண்ணீரால் முழு நாட்டுக்கும் விளக்கேற்றலாம் என்று 1918இல் கட்டுரையும் வாசித்தார். லக்சபான மின்நிலையம் 1950இல்தான் ஓடத் தொடங்கியது. பிறகு காசல்ரீ, மவுசாகலை என்று நீர்த்தேக்கங்கள் வந்தன. மவுசாகலைக்குள் பழைய மஸ்கெலியா டவுனே மூழ்கிப்போனது. கடும் வறட்சியில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் இன்றைக்கும் வெளியே தெரியும், பார்க்கக் கூட்டம் கூடும். இத்தனையும் எங்கள் மலையில். அந்தக் கரண்ட் எங்கள் தலைக்கு மேலாலேயே கொழும்புக்குப் போனது. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தது குப்பி லாம்பில்.

ஆகவே ஓடையில் டர்பைன் வைக்க வேண்டும் என்ற ஆசை எனக்குச் சுற்றாடல் அக்கறையால் வந்ததென்று சொன்னால் பொய். அந்தக் கம்பிகள் மேல் இருந்த பழைய கோபம்தான் காரணம். ஆசிரியர் வேலை கிடைத்து, தோட்டத்து எல்லையில் கொஞ்சம் காணி வாங்கி வீடு கட்டியபோது, காணியின் விலையைவிட அதன் ஓரமாக இறங்கும் ஓடையைத்தான் முதலில் விசாரித்தேன். வீட்டுக்கு மின்சார சபையின் இணைப்பு ஏற்கெனவே இருந்தது. அவசியமே இல்லாத வேலை என்று மனைவி சொன்னாள். அது உண்மைதான்.

விஞ்ஞான ஆசிரியன் என்பதால் கணக்கில் எனக்குக் கூச்சமில்லை. தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, வினாடிக்கு எத்தனை லீற்றர் வருகிறது, இந்த இரண்டையும் பெருக்கி, வருவதை ஐந்தால் பெருக்கினால் கையில் கிடைக்கக்கூடிய வொட் ஏறக்குறையத் தெரிந்துவிடும். பாடப்புத்தகப்படி 9.8ஆல் பெருக்க வேண்டும். குழாயும் சில்லும் மோட்டரும் ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிடுவதால் சின்ன இயந்திரங்களில் பாதிதான் மிஞ்சும்.

உயரத்தை அளக்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்டிக் டியூப், ஒரு அளவுகோல், கூடப் பிடிக்க ஒரு மாணவன். மேலிருந்து படிப்படியாக இறங்கி, ஒவ்வொரு படியின் உயரத்தையும் கூட்டிக்கொண்டே வந்தால் கீழே விடை. எங்களுக்கு வந்தது 28 மீற்றர். நம்பிக்கையில்லாவிட்டால், மேலிருந்து கீழ் வரை ஒரு தோட்டக் குழாயை இழுத்துத் தண்ணீரால் நிரப்பி, கீழ் முனையில் அமுக்கமானியைப் பூட்டிப் பார்க்கலாம். பத்து மீற்றருக்கு ஒரு பார் என்று கணக்குச் சரியாக வரும்.

தண்ணீரை அளப்பது இன்னும் சுலபம். ஒரு பாறையிடுக்கில் களிமண்ணால் அடைத்து, முழு ஓடையையும் ஒரு குழாய்த்துண்டு வழியாக விழச் செய்து, 20 லீற்றர் வாளியை வைத்துக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதுதான். நான்கு வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 5 லீற்றர். எப்போது அளப்பது என்பதில்தான் விஷயம். எங்கள் சரிவில் மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழை செப்டெம்பர் வரை இழுக்கும். அப்போது அளந்தால் ஊருக்கே கரண்ட் கொடுக்கலாம் போலிருக்கும். ஜனவரியிலிருந்து ஓடை மெலியும். மார்ச்சில் பாறைகளுக்கு நடுவே நூல்போலத் தெரியும். நான் மார்ச்சில்தான் அளந்தேன். ஐந்து லீற்றர். அதில் மூன்றரையை எடுக்கலாம், மிச்சம் ஓடைக்கு என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். "ஓடைக்கு" என்று எழுதியபோது அந்த மிச்சம் யாருக்குப் போகிறது என்று யோசித்த ஞாபகம் எனக்கில்லை.

குழாய் வாங்கும்போது கடைக்காரர் மெல்லிய குழாயைக் காட்டி, அந்த உயரத்துக்கு இது தாங்கும், காசும் மிச்சம் என்றார். தாங்கும்தான். ஆனால் அணையிலிருந்து வீட்டுக்கு 150 மீற்றர் தூரம். உள்விட்டம் 50 மில்லிமீற்றர் உள்ள குழாயில் அவ்வளவு தூரமும் மூன்றரை லீற்றர் ஓடினால், உராய்வுக்கே 9 மீற்றர் உயரம் போய்விடும். 28இல் மூன்றில் ஒரு பங்கு குழாய்ச் சுவருக்கு. உள்விட்டம் 75 ஆனால் அந்த இழப்பு ஒன்றேகால் மீற்றர் சொச்சம்தான். விட்டம் ஒன்றரை மடங்கானால் உராய்வு ஏழில் ஒன்றாகக் குறைகிறது. இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்காமல் மெல்லிய குழாயைப் புதைத்துவிட்டு, டர்பைன் சரியில்லை என்று டர்பைன் செய்தவரைத் திட்டுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

குழாயை முழங்கை ஆழத்துக்காவது புதைக்க வேண்டும். வெயில் பட்டால் பிவிசி நொறுங்கும், காட்டுப்பன்றி கிளறினால் மூட்டு கழலும். போகிற வழியில் எங்கேயும் மேடேறி இறங்கக் கூடாது, ஏறினால் அந்த மேட்டில் காற்றுத் தங்கி வழியை மறித்துக்கொள்ளும். வளைவுகளில் கொங்கிறீட் கட்டி அசையாமல் பிடிக்க வேண்டும். இவையெல்லாம் கூலிக்கு ஆள் வைத்து முடித்த வேலைகள், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அணைதான் என் உயிரை வாங்கியது.

டர்பைன் வைப்பதென்றால் எல்லோரும் டர்பைனைப் பற்றியே கேட்கிறார்கள். அது ஒருமுறை பூட்டிவிட்டால் கிடக்கும். தண்ணீர் குழாய்க்குள் நுழையும் அந்த ஒரு முழ இடத்தில்தான் வாழ்க்கை முழுக்க வேலை. இரண்டு பாறைகளுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் மேசன் பாஸ் ஒருவர் அணை கட்டிக் கொடுத்தார். முதலில் குழாய் வாயில் நெட்டுக்குத்தாக ஒரு வலையை வைத்தோம். தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரங்கள் இலை உதிர்க்கும் காலத்தில் அந்த வலை ஒரு மணித்தியாலத்துக்குள் பாய் விரித்த மாதிரி மூடிக்கொள்ளும். வீட்டில் விளக்கு மங்கும். டோர்ச்சை எடுத்துக்கொண்டு மலையேறுவேன். அட்டை கடிக்கும். திரும்பி வந்து படுத்தால் மறுபடி மங்கும். மழை இரவுகளில்தான் இலை அதிகம் வரும். கரண்டுக்குத் தண்ணீர் தாராளமாக இருக்கும் நாளில்தான் கரண்ட் இருக்காது.

பிறகு வலையைச் சாய்த்தோம். அணையின் மேல் வழிந்து தண்ணீர் கீழே விழும் பக்கத்தில், துருப்பிடிக்காத உருக்கு வலையை நல்ல சரிவாகப் படுக்க வைத்தால், தண்ணீர் வலைக்குள் இறங்கிவிடும். இலை வலை மேலேயே வழுக்கிக்கொண்டு போய் ஓடையில் விழும். வெளிநாடுகளில் கோவாண்டா சல்லடை என்று முக்கோணக் கம்பிகளை நெருக்கி வைத்து இதையே மிக நேர்த்தியாகச் செய்கிறார்கள். ஈரமான மேற்பரப்பை ஒட்டியே ஓடும் தண்ணீரின் குணத்தைப் பயன்படுத்தும் வேலை அது. என்னுடையது அதன் ஏழைச் சொந்தக்காரன். ஆனாலும் இப்போது வாரத்துக்கு ஒருமுறை தும்புத்தடியால் தேய்த்துவிட்டால் போதும்.

வலைக்குக் கீழே ஒரு தொட்டி. அதில் தண்ணீர் வேகம் குறைந்து நிற்பதால் மணல் அடியில் தங்கும். மணலை விட்டால் அது வினாடிக்கு 22 மீற்றர் வேகத்தில் குழாயின் கீழ் முனையிலுள்ள நொசிலிலிருந்து பாய்ந்து டர்பைனின் பித்தளைக் கோப்பைகளை அரைத்துவிடும். குழாயின் வாய் தொட்டித் தண்ணீருக்குள் நன்றாக அமிழ்ந்திருக்க வேண்டும். மேலே இருந்தால் சுழி விழுந்து காற்றை உறிஞ்சும், கீழே விளக்குகள் கண் சிமிட்டும். வாய்க்குப் பக்கத்தில் வானம் பார்த்தபடி ஒரு மெல்லிய காற்றுக் குழாய் அவசியம். இலை ஒருநாள் வாயை முழுதாக அடைத்துவிட்டால், உள்ளே இருக்கும் தண்ணீர் கீழே ஓடி, பின்னால் வெற்றிடம் உண்டாகி, பிவிசிக் குழாய் சப்பையாகிவிடும். அந்த நேரத்தில் காற்று நுழைய ஒரு வழி வேண்டும்.

அதேபோலக் கீழே தண்ணீரைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. 150 மீற்றர் நீளத் தண்ணீர் ஓடி வந்துகொண்டிருக்கிறது. அதைக் கைப்பிடியை ஒரு திருப்புத் திருப்பி மறித்தால், ஏற்கெனவே இருக்கும் 28 மீற்றர் அமுக்கத்தின் மேல் இன்னுமொரு முப்பது மீற்றர் அதிர்ச்சியாக ஏறும். அதனால் சில்லுபோலச் சுற்றிச் சுற்றி மெதுவாக மூடும் வால்வ்தான் நல்லது. அவசரத்துக்கு, தண்ணீரை நிறுத்தாமல் அதன் பாய்ச்சலை மட்டும் விலக்கிவிட நொசிலுக்கு முன்னால் ஒரு தகடு இருக்கிறது.

டர்பைன் விஷயம் சுருக்கம். லெஸ்டர் பெல்டன் என்ற அமெரிக்கர் 1880இல் காப்புரிமை பெற்ற சில்லின் குட்டி. சுற்றிவர இரட்டைக் கோப்பைகள், ஒவ்வொரு கோப்பையின் நடுவிலும் ஒரு வரம்பு, தண்ணீர் அதில் பட்டு இரண்டாகப் பிரிந்து திரும்பி ஓடும். என் சில்லின் அகலம் விரித்த கையளவு. கண்டிப் பக்கத்து லேத் பட்டறை ஒன்றில் செய்வித்தது. ஜெனரேட்டராகப் பழைய மூன்று பேஸ் தூண்டல் மோட்டர். அதை வெளியிலிருந்து சுற்றி, சரியான அளவு கபாசிட்டர்களைப் பூட்டினால், உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சநஞ்சக் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு தானாக மின்னழுத்தத்தைக் கட்டியெழுப்பும். எங்கேயாவது கம்பி முட்டிக்கொண்டால் காந்தம் இறங்கித் தானாகவே செத்துவிடும், பயப்படத் தேவையில்லை. வீட்டில் மின்சார சபைக் கம்பியும் இந்தக் கம்பியும் ஒருபோதும் சந்திக்காதபடி நடுவில் இருபக்கச் சுவிட்ச் ஒன்று. சந்தித்தால், கரண்ட் வெட்டியிருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவரைக் கொன்றுவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தண்ணீர் எப்போதும் ஒரே அளவில் வருகிறது, வீட்டில் செலவோ ஏறி இறங்குகிறது. செலவில்லாத நேரத்தில் சில்லு தறிகெட்டு ஓடாமலிருக்க, மிஞ்சும் கரண்டை எங்கேயாவது கொட்ட வேண்டும். ஒரு கண்ட்ரோலர் அந்த மிச்சத்தை ஹீட்டருக்கு அனுப்பும். ஹீட்டரை நான் குளியலறைப் பீப்பாவுக்குள் வைத்தேன். இரவு முழுக்க 300 வொட் ஏறினால், விடியும்போது 100 லீற்றர் தண்ணீர் குளிக்க இதமான சூட்டில் இருக்கும். மலைக் குளிரில் பிறந்து வளர்ந்து, வாளியில் பச்சைத் தண்ணீரை மோந்து ஊற்றியே பழகியவனுக்கு அது எத்தனை பெரிய சுகம் என்று சொல்லி விளக்க முடியாது. டர்பைனை எதிர்த்த மனைவி இந்தப் பீப்பாவுக்குப் பிறகு அதைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

நொசில்கள் இரண்டு. ஒன்று 11 மில்லிமீற்றர், இன்னொன்று 9. இரண்டையும் திறந்தால் மூன்றரை லீற்றர் செலவு, 450 வொட். பெரியதை மட்டும் திறந்தால் இரண்டு லீற்றர் சொச்சம், 280 வொட். கோடைக்கு ஒன்று, மழைக்கு இரண்டு என்பது திட்டம். 2021 மழை முடிந்த கையோடு ஓட்டத் தொடங்கினோம்.

அடுத்து வந்தது 2022 மார்ச். நாட்டில் டொலர் இல்லை, எண்ணெய்க் கப்பல் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் இறங்கிவிட்டது. மின்வெட்டு ஐந்து மணித்தியாலம், ஏழு, பத்து என்று ஏறி, மாதக் கடைசியில் 13 மணித்தியாலமானது. மண்ணெண்ணெய்க்கு வரிசை. லயம் முழுக்க இருட்டு. அந்த இருட்டுக்கு மேலே என் வீட்டில் மட்டும் வெளிச்சம்.

எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை ஒளிக்கப் போவதில்லை. தலைக்கு மேல் போன கம்பி செத்துக் கிடக்கிறது, என் கம்பி உயிரோடு இருக்கிறது. இரண்டு மூன்று இரவுகள் அப்படி. அதன் பிறகு பெருமை போய் வேறொன்று வந்தது. பாதைப் பக்க ஜன்னலில் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டேன். குளிருக்கு என்று வீட்டில் சொன்னேன். லயத்திலிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரியக் கூடாது என்பதுதான் காரணம். தெரிந்தால் கேட்பார்கள். கேட்டால் கொடுக்க வேண்டும். 450 வொட்டில் எத்தனை பேருக்குக் கொடுப்பது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் போட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே மறுத்துக்கொண்டிருந்தேன். டர்பைன் ஓடும் சத்தம் லயத்துக்கு நன்றாகவே கேட்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மனைவி என்னிடம் கேட்காமலேயே ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை விறாந்தைக்கு இழுத்துவிட்டாள். மறுநாளே அதில் போன்கள் வரிசையாகத் தொங்கின. மே மாதம் சாதாரண தரப் பரீட்சை. என்னிடம் படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் விறாந்தைப் பல்பின் கீழ் பாய் போட்டார்கள். ஒரு போனுக்கு 5 வொட், ஒரு பல்புக்கு 9. நான் பயந்த கணக்கில் பாதிகூட ஆகவில்லை. கம்பளி மட்டும் ஜன்னலில் இன்னும் கொஞ்ச நாள் தொங்கியது. அதைக் கழற்றினால் எதற்காகத் தொங்கியது என்று தெரிந்துவிடுமே.

ஆனால் எழுத வந்தது இதையல்ல.

அந்த மார்ச்சில் ஓடையில் ஐந்து லீற்றர் வரவில்லை. நாலுக்கும் குறைவு. எனக்கே தெரியும், அளந்தவன் நான். கோடைத் திட்டப்படி பகலில் ஒரு நொசில்தான் ஓட்டினேன். இரவு பத்து மணிக்குப் பிறகு இரண்டாவதையும் திறந்துவிடுவேன், விடியும்போது மூடுவேன். இரவில் ஓடையை யார் பார்க்கப் போகிறார்கள்? அணைக்கும் என் வீட்டுக்கும் இடைப்பட்ட அந்த 150 மீற்றருக்குள்தான் மேல் லயத்தின் பீலி இருக்கிறது. குளிப்பது, துவைப்பது, குடிக்க எடுப்பது எல்லாம் அங்கேதான். நான் எடுத்தது போக மிஞ்சிய அரை லீற்றருக்கும் குறைவான தண்ணீர், கல்லிடுக்கில் போனது போகப் பீலிக்கு வந்து சேரும்போது சொட்டாகிவிடும். விடியற்காலை நாலு மணி எனக்கு நடுச்சாமம். கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு அதுதான் தண்ணீர் எடுக்கும் நேரம். என் அம்மாவும் அந்த நேரத்தில்தான் குடத்தோடு போனவள்.

ஒருநாள் பின்நேரம், கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில் மேல் லயத்துச் சின்னம்மா ஒருவர் வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டார். மற்றவர்களுக்கு நான் மாஸ்டர், அவருக்குத் தம்பி.

"தம்பி, நாலு மணிக்குக் கொடம் நெறைய மாட்டேங்குது. பகல்ல நல்லாத்தான் வருது. ராவுல மட்டும் ஓடைக்கு என்னா வந்துச்சு?"

"வெயில் காலம்தானே, சின்னம்மா."

"வெயில் ராவுலயா அடிக்குது?"

அவ்வளவுதான். கூடையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். தெரிந்துதான் கேட்டார்.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரவு பத்து மணிக்குப் பிறகு என் வீட்டுச் செலவு பிரிட்ஜும் ஒரு பல்பும். கூட்டினால் 100 வொட். ஒரு நொசிலே 280 தருகிறது. பிறகு இரண்டாவது நொசில் எதற்கு? கணக்கு நேராகப் பீப்பாவுக்குப் போனது. பீலியில் நிறையாத குடங்களின் தண்ணீர்தான் இரவெல்லாம் என் குளியல் தண்ணீரைச் சுடவைத்திருக்கிறது. மின்வெட்டுக் காலம், பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றெல்லாம் நான் எனக்குள் சொல்லி வைத்திருந்த காரணங்களில் ஒன்றுகூட இரவு பத்து மணிக்குப் பிறகு பொருந்தவில்லை.

இரண்டாவது வால்வை அன்றிரவே மூடினேன். மூடினால் போதுமா என்றால், போதாது. அடுத்த கோடையில் குளிர் கடிக்கும் ஒரு இரவில் என் கை அந்த வால்வைத் தேடாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. அதனால் மேசன் பாஸைத் திரும்பவும் கூப்பிட்டு, அணையின் சுவரில், என் வலைக்குத் தண்ணீர் ஏறும் விளிம்புக்கு ஒரு சாண் கீழே, 40 மில்லிமீற்றர் குழாய்த்துண்டு ஒன்றைப் பதிக்கச் சொன்னேன். ஓடையில் வருவது முதலில் அதன் வழியாகக் கீழே போகும். அந்தக் குழாய் கொள்ளுமளவு அதில் போய், அதற்கு மேலும் தண்ணீர் இருந்து, மட்டம் அந்த ஒரு சாண் உயர்ந்தால்தான் என் வலைக்கு ஒரு சொட்டாவது வரும். நீர்மின் நிலையம் கட்டுகிறவர்கள் ஓடைக்கென்று விட வேண்டிய பங்கு என்று இதைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். நான் படித்துமிருக்கிறேன்.

"காசு குடுத்துக் கட்டின அணையில காசு குடுத்து ஓட்ட போடுறீங்களே, மாஸ்டர்" என்றார் பாஸ். பிறகு, அந்தக் குழாய்க்கு வால்வ் எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டார். வால்வ் வேண்டாம் என்றேன். வைத்தால் அதைத் திருகப் போகிற ஆள் நான்தான்.

அந்தத் துளையை இலை அடைத்தால், பீலிக்கு வருகிறவர்களே ஏறி வந்து ஒரு தேயிலை மிலாற்றுக் குச்சியால் கிளறிவிடுகிறார்கள். அணைக்கு வருவதற்கு யாரும் என்னிடம் கேட்பதில்லை, கேட்க வேண்டியதுமில்லை.

இதனால் மார்ச் மாதங்களில் எனக்குக் கரண்ட் குறைவு. ஒரு நொசில்தான் ஓடும், சில நாட்களில் அதுவும் இருமி இருமி நின்றுவிடும். அப்போது சுவிட்சை மின்சார சபைப் பக்கம் திருப்பிவிட்டு, எல்லோரையும்போல மீற்றர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2022 ஆகஸ்டில் கட்டணத்தைச் சராசரியாக 75 வீதம் ஏற்றி, 2023 பெப்ரவரியில் அதற்கு மேலும் 66 வீதம் ஏற்றியபோது அந்த மாற்றுச் சுவிட்சைத் தொடவே எரிச்சலாக இருந்தது. பீப்பாத் தண்ணீர் அந்த மாதத்தில் சுடுவதில்லை. மனைவி மிலாறு எரித்து அடுப்பில் சுடவைக்கிறாள், நான் வாளித் தண்ணீருக்குத் திரும்பிவிட்டேன்.

இப்போது வந்திருப்பது வேறு பிரச்சினை. அணைக்கு மேலே, ஓடை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் மரக்கறித் தோட்டம் போட்டிருப்பவர் புதிதாக ஒரு பம்ப் வைத்திருக்கிறார். லீக்ஸுக்கு இறைக்கிறார். அவர் இறைக்கும் நேரத்தில் என் வலையும் காய்கிறது, பீலியும் காய்கிறது. என் துளை எனக்கு மேலே இருப்பவரை ஒன்றும் செய்யாது. அவரிடம் பேசிப் பார்க்க வேண்டும். காலையில் இறைத்தால் போதும், நாலு மணிக்கு வேண்டாம் என்று சொல்லலாம். நான் தனியாகப் போய்ச் சொன்னால், கரண்ட் எடுக்கிற ஆள் எனக்கு நியாயம் சொல்கிறாரா என்று கேட்பார், கேட்டாலும் தப்பில்லை. சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை போவதாக இருக்கிறோம்.